பாக்கெட்டில் நின்ற கை

மகளின் வலது கை பாக்கெட்டுக்குள் போயிருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை, வரவும் வராது, ரிமோட் செசிலியம்மாள் மடியில் இருக்கிற வரைக்கும். டிவி நிறைய பிலோமினா நிற்கிறாள். நீலச் சட்டை, கறுப்புப் பேண்ட், கழுத்தில் விசில், வாய் கொஞ்சம் திறந்தபடி, இமை பாதி இறங்கினபடி. எவ்வளவு நல்ல முகமாக இருந்தாலும் இந்தப் பெட்டி ஏடாகூடமான நேரத்தில்தான் பிடித்து நிறுத்தும், கல்யாண வீடியோக்காரர் பந்தியில் வாய் திறக்கிற நேரமாகப் பார்த்து எடுக்கிற மாதிரி. மகளுக்கு எதிரே அந்தப் பெரிய கபடி அணியின் தலைவி, ஊருக்கே பேர் தெரிந்த ஆட்டக்காரி, இரண்டு கையையும் விரித்து நான் என்ன செய்தேன் என்கிறாள். என்ன செய்தாள் என்று செசிலியம்மாள் பார்த்தாளே, இரண்டு கண்ணால் பார்த்தாள். பாடிவந்த பெண் கோட்டைத் தாண்டி அவுட்டாகி, மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா நின்றாள், ஆட்டமே அங்கே முடிந்துவிட்டது, அப்புறம்தான் இவள் பின்னாலிருந்து போய் அவளை ஒரு தள்ளு தள்ளினாள், அந்தப் பெண் விளம்பரப் பலகையில் மோதி விழுந்தது. விசில் ஊதினது பிலோமினா. கூட்டம் மொத்தமும் தலைவி பக்கம், ஓவென்று ஒரே கூச்சல். பிலோமினா கை பாக்கெட்டுக்குப் போனது. "நிறுத்து, நிறுத்துடி, பால் வாங்கிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவள் புருஷன் இன்னாசி சட்டைப் பொத்தானைக்கூடச் சரியாகப் போடாமல் வாசல் தாண்டிப் போய்விட்டார். பால் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. அவரேதான் காலையில் வாங்கி உள்ளே வைத்தார். தெரிந்தும் செசிலியம்மாள் படத்தை நிறுத்தினாள்.

மூன்று அட்டையும் ஒரே பாக்கெட்டில்தான் வைப்பாள் பிலோமினா. பச்சை என்றால் எச்சரிக்கை, மஞ்சள் என்றால் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார், சிவப்பு என்றால் உனக்கு இன்றைக்கு ஆட்டமே இல்லை, போ. போன தடவை, வேலை பார்க்கிற ஓசூரிலிருந்து வந்தபோது சாப்பாட்டு மேஜையில் மூன்றையும் விரித்துக் காட்டினாள். அவசரத்தில் குனிந்து பார்த்தால் தடுமாறுகிறாள் என்று நினைப்பார்களாம், அதனால் சிவப்பு அட்டையின் ஒரு மூலையை மட்டும் லேசாக மடித்து வைத்திருக்கிறாள், விரலுக்கே தெரிந்துவிடுமாம். இப்போது அந்தப் பாக்கெட்டுக்குள் விரல் எங்கே இருக்கிறது, மடிந்த மூலையிலா, மடியாத மூலையிலா? செசிலியம்மாள் எழுந்து டிவி பக்கத்தில் போய், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுப் பார்த்தாள். பேண்ட் துணி கொஞ்சம் புடைத்திருந்தது, அவ்வளவுதான். பக்கத்தில் போகப் போக மகள் புள்ளி புள்ளியாகக் கலைந்துபோனாள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் என்றால் போதாதா, சனி ஞாயிறு வீட்டில் கிடந்து தூங்கினால் ஆகாதா, ஊர் ஊராகப் போய் ரெஃப்ரியாக நின்று இத்தனை பேரிடம் திட்டு வாங்க வேண்டுமா என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், என் பெண் டிவி நிறைய நிற்கிறாள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கிறாள், ஓசூரிலிருந்து வந்தால்கூட இப்படி ஒரு இடத்தில் நின்று முகம் காட்டியிருக்கிறாளா என்று சிரிப்பும் வந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தாள். திரும்பி வந்து நாற்காலியில் காலை மடக்கி வசதியாக உட்கார்ந்தாள்.

டிவிக்குக் கீழே பெட்டி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் தலையில் அவள் பின்னிய வெள்ளைக் குரோஷா துணி. சூடாகும் அம்மா, எடு என்று மகள் எடுத்துப் போடுவாள், அவள் பஸ் ஏறினதும் துணி திரும்பப் பெட்டி மேல் ஏறிவிடும். மொட்டை மாடியில் தட்டு, அதன் உச்சியில் எப்போதும் ஒரு காக்கா, அது உட்கார்ந்தால் படம் வராது என்று இன்னாசி விரட்டுவார், உட்காராவிட்டாலும் மழை வந்தால் வராதுதான். பெட்டி வந்த அன்றைக்கே செசிலியம்மாளுக்கு அதைப் பிடித்துப்போனது. மற்றவர்களுக்குப் படம் தெளிவாக இருக்கிறதாம், நூறு சேனலாம், அதெல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. அவளுக்குப் பிடித்தது நிறுத்துகிற பொத்தான். கூட்ஸ் கார்டு பெண்டாட்டிக்கு ஆயுசு முழுக்கக் காத்திருக்கிறதுதான் வேலை. சரக்கு வண்டிக்கு நேரம் கிடையாது, இன்றைக்குப் போனவர் நாளைக்கு வரலாம், மறுநாளும் வரலாம், ஏதோ ஒரு ஸ்டேஷனில் லூப் லைனில் தள்ளிவிட்டு எக்ஸ்பிரஸ் எல்லாம் போகட்டும் என்று காக்க வைப்பார்கள். அங்கே அவர் காத்திருப்பார், இங்கே ஜோலார்பேட்டையில் சோற்றை மூடி வைத்துவிட்டு இவள் காத்திருப்பாள். ஞாயிறு பூசைக்குச் சேர்ந்து போனதை விரல் விட்டு எண்ணலாம். பிலோமினா பிறந்தபோதுகூட அவர் எங்கோ ஆந்திரா பக்கம் நிலக்கரி வண்டியின் வாலில் உட்கார்ந்திருந்தார். இப்போது பார், காத்திருக்கிறது அவள் இல்லை. துணி எடுக்க மாடிக்குப் போனால் சீரியல் மாமியார் ஓங்கின கையோடு அப்படியே நிற்கிறாள், இவள் துணியை மடித்து வைத்துவிட்டு, முகம் கழுவி, காப்பி போட்டுக்கொண்டு வந்து, ம், இப்போ அடி என்று விட்டால்தான் அடி விழும். இதில் இருக்கிற நிம்மதியை யாரிடம் சொன்னாலும் புரியாது. உலகமே கொஞ்சம் பின்னால் வந்தால் போதும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஆனால் ரிமோட்டில் இருக்கிற சிவப்புப் பொத்தானில்தான் எல்லாக் குழப்பமும். முதல் வாரம் ரிமோட் இன்னாசி கையில்தான் இருந்தது. முப்பது வருஷத்துக்கு மேல் கொடி பிடித்த கை, சிவப்பைப் பார்த்ததும் இதுதான் நிறுத்துகிற பொத்தான் என்று முடிவு கட்டிவிட்டது, யாரையும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் சிவப்பை அழுத்தினார். டிவி நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. சரி, வண்டி நிற்கக் கொஞ்ச தூரம் ஓடத்தானே செய்யும் என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார். அப்புறம் பிலோமினா வந்து பெட்டியில் பதிவானதைத் திறந்து பார்த்தால், உள்ளே என்னவெல்லாமோ சேர்ந்திருக்கிறது: பாதிப் பல்பொடி விளம்பரம், வானிலை, யாரோ ஒரு பாதிரியாரின் மலையாளப் பிரசங்கம், ஒரு சமையல் நிகழ்ச்சி, மீன் குழம்பு கொதிக்க ஆரம்பிக்கிற வரைக்கும், ஒரு கல்யாணத் தகவல் நிகழ்ச்சியில் மாப்பிள்ளை உயரம் சொல்லுகிற இடம். அவர் எழுந்து போன இடமெல்லாம் பத்திரமாக இருந்தது. பிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இதுல சிவப்புன்னா நிறுத்துன்னு இல்லப்பா, வெச்சுக்கோன்னு அர்த்தம்" என்றாள். "சிவப்புன்னா சிவப்புதாம்மா, ஊருக்கு ஒரு அர்த்தமா?" என்று இன்னாசி முறைத்துக்கொண்டார். அன்றையிலிருந்து ரிமோட் செசிலியம்மாள் கைக்கு வந்தது. மலையாளப் பாதிரியாரை மட்டும் அவள் அழிக்கவில்லை, பிரசங்கத்தை அழிக்க மனசு வரவில்லை.

அவர் சிவப்பை அப்படிச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. செசிலியம்மாளுக்குத் தெரியும், அவளுக்கு மட்டும்தான் முழுசாகத் தெரியும். ஒரு மத்தியானம், வண்டி வாலில் பிரேக் வேனிலிருந்து பார்க்கிறார், நடுவில் ஏதோ ஒரு வேகன் சக்கரத்தில் புகை. புகைதானா, தூசியா? யோசிக்க நேரமில்லை, பிரேக்கைப் பிடித்துவிட்டார். வண்டி இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் நின்றது, இறங்கிச் சிவப்பைக் காட்டிக்கொண்டு வெயிலில் நின்றார், பின்னால் வந்த எக்ஸ்பிரஸ் நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. வந்து பார்த்தவர்கள் சக்கரம் சூடுதான், ஆனால் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் போயிருக்கும் என்றார்கள். ஏன் நிறுத்தினாய் என்று ஒரு தடவை கூப்பிட்டார்கள், இன்னொரு தடவை கூப்பிட்டார்கள், எக்ஸ்பிளனேஷன் எழுதச் சொன்னார்கள், எழுதினதில் பிழை என்று மறுபடி எழுதச் சொன்னார்கள். நீ செய்தது சரி என்று ஒருத்தர் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை, ஃபைல் எங்கேயோ போய்த் தூங்கிவிட்டது. மனுஷனுக்குத்தான் தூக்கம் போனது. "பச்ச காட்டினவன யாரும் ஏன்னு கேக்க மாட்டான், சிவப்பு காட்டினவன்தான் ஆயுசுக்கும் பதில் சொல்லிகினே இருக்கணும்" என்பார். பிலோமினா ரெஃப்ரி பரீட்சை பாஸ் செய்துவிட்டு வந்து நின்ற அன்றைக்கும், மூணு அட்டையையும் மேஜையில் விரித்த அன்றைக்கும் இதையேதான் சொன்னார். "பாத்தும்மா, தேவையில்லாம சிவப்ப எடுத்துடாத." அவள் அட்டைகளை அடுக்கிக்கொண்டே, "தேவைன்னா?" என்றாள். அவர் ரசம் கொஞ்சம் ஊத்து என்று இவளிடம் கேட்டார். அதுதான், அதுதான் அவரை இப்போது வீட்டை விட்டுத் துரத்தியது. மகள் சிவப்பை எடுத்துவிடுவாளோ என்கிற பயமா? இல்லை, அவர் முகத்தைப் பார்த்தாளே. எடுக்காமல் விட்டுவிடுவாளோ என்று பயந்தார். எடுக்க வேண்டிய இடத்தில், அப்பா சொன்னது ஞாபகம் வந்து, விரல் மடிந்த மூலையை விட்டுவிட்டுப் பச்சைக்கு நகர்ந்துவிடுமோ என்று. தான் விதைத்த பயம் மகள் பாக்கெட்டில் இருக்கிறதோ என்று.

பக்கத்து வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் திடீரென்று ஒரு சத்தம். வள்ளிக்கண்ணு வீட்டில் எல்லாம் நேரடியாக ஓடுகிறது, அவர்களுக்கு நிறுத்துகிற பெட்டி இல்லை. செசிலியம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் காதைப் பொத்தினால் ஆளைப் பொத்த முடியுமா, வள்ளிக்கண்ணு சமையலறை ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

"செசிலிக்கா! யக்கா! பாத்தியா நம்ம பிலோவ? இன்னா ஒரு..."

"சொல்லாதடி!"

"இன்னாக்கா?"

"நாங்க இன்னும் அங்க வரல. வாய மூடு, உனக்குப் புண்ணியமாப் போவும்."

"அதுதான் எப்பவோ முடிஞ்சு..."

"வள்ளி, மாதா மேல ஆணை, ஒரு வார்த்த பேசின, நாளைக்கு உனக்கு மீன் குழம்பு கிடையாது."

வள்ளிக்கண்ணு வாயில் விரலை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டினாள். கண் உருண்டது சந்தோஷத்திலா, பரிதாபத்திலா? "அண்ணன் எங்க?" "பால் வாங்கப் போயிருக்காரு." "பாலா?" என்று ஒரு இழுவை இழுத்துவிட்டுப் போய்விட்டாள். இன்னா ஒரு. இன்னா ஒரு தைரியம்? இன்னா ஒரு அநியாயம்? தமிழில் இந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் எதை வேண்டுமானாலும் வைக்கலாம், அதுதான் தொல்லை. செசிலியம்மாள் அதை இப்படியும் அப்படியும் முடித்துப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் வேறு முடிவு வந்தது. ரிமோட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிவு தெரிந்துவிடும். விரல் அதன் மேல்தான் இருக்கிறது. ஆனால் அவர் நிறுத்து என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு முன்னால் தனியாகத் தெரிந்துகொள்வது, அவர் வருகிறதற்குள் ஒருத்தி மட்டும் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடுகிற மாதிரி. அவள் அப்படிச் சாப்பிட்டதே இல்லை.

படத்துக்கு அடியில் ஒரு கோடு ஊர்ந்துகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். ஐயோ, அதை மறந்தே போனாளே. நிறுத்தின படம் அப்படியே எப்போதும் நிற்காது, பெட்டிக்கு ஒரு பொறுமை உண்டு, கோடு அந்த முனையைத் தொட்டால் அது தானாகவே கையை விட்டுவிட்டு, இப்போது நடக்கிற இடத்துக்குத் தாவிவிடும். ஒரு தடவை சந்தனமாதா கோயில் தேரை நிறுத்திவிட்டு மாவரைக்கப் போனவள், திரும்பி வந்து பார்த்தால் தேரும் இல்லை, கூட்டமும் இல்லை, ஒருத்தர் குக்கர் விற்றுக்கொண்டிருந்தார். இப்போது கோட்டுக்கும் முனைக்கும் நடுவில் இருப்பது விரற்கடை இடம்தான். இவர் எங்கே போய்த் தொலைந்தார்? பால் கடை தெருமுனை. இவ்வளவு நேரமா? அந்தப் பழைய பயம் திரும்ப வந்தது. வண்டி தாமதம் என்றால் முதலில் கோபம், அப்புறம் பயம், அப்புறம் ஜெபமாலை, அந்த வரிசை அவள் உடம்பில் ஏறிப்போனது. ரயில்வே கேட் தாண்டினாரா, பிரஷர் மாத்திரை போட்டாரா, பொத்தானைக்கூடப் போடாமல் போனாரே. போன் மேஜை மேல் இருக்கிறது, அதையும் எடுத்துப் போகவில்லை. சிவப்பை அழுத்தினால் போதும். படம் நிறுத்தின பிறகு நடந்ததையும் சேர்த்துப் பெட்டி எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளும், கோடாவது ஒன்றாவது. ஆனால் மகள் கை பாக்கெட்டில் இருக்கிறபோது இங்கே நான் சிவப்பை அழுத்துவதா? பைத்தியம், அங்கே எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது, வள்ளிக்கண்ணுவே பார்த்துவிட்டாள், இங்கே அழுத்தினால் அங்கே மாறுமா? மாறாது என்று தெரியும். தெரிந்தும் விரல் போகவில்லை. இவர் சொன்ன பேச்சு மகள் விரலில் மட்டும்தானா உட்கார்ந்திருக்கிறது, என் விரலிலும்தான் உட்கார்ந்திருக்கிறது என்று அவளுக்குச் சட்டென்று உறைத்தது. முப்பது வருஷம் அந்த மனுஷனோடு சேர்ந்து இவளும் சிவப்பைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். வெச்சுக்கோன்னு அர்த்தம் என்றாளே பிள்ளை. கோடு முனையைத் தொடப் போனது. தேவைன்னா? தேவைதான்டி என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, செசிலியம்மாள் சிவப்பை அழுத்தினாள். மூலையில் சின்னதாக ஒரு சிவப்புப் பொட்டு விழுந்தது. மகள் நகரவில்லை, முடி கன்னத்திலேயே இருந்தது. ஒன்றும் ஆகவில்லை. செசிலியம்மாளுக்கு என்னவோ மலை ஏறி வந்த மாதிரி மூச்சு வாங்கியது, அதோடு ஒரு சந்தோஷம், யாரிடமும் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்ட சந்தோஷம்.

செருப்புச் சத்தம் கேட்டது. இன்னாசி உள்ளே வந்து, வழக்கமான நாற்காலியில், வழக்கத்தைவிட மெதுவாக உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத் துடைத்தார். இரண்டு கையும் காலி.

"பால்?"

"இல்லியாம்."

"தெருமுனைக் கடையிலயா?"

"எங்கயும் இல்லியாம்."

ஊரில் அத்தனை மாடும் ஒரே நாளில் வற்றிப்போயிற்றாக்கும் என்று நாக்கு வரைக்கும் வந்ததை செசிலியம்மாள் விழுங்கிக்கொண்டாள். வேறு ஒன்றுதான் அவளுக்குத் தட்டுப்பட்டது. ஒரு வாரமாகச் சோறு இறங்காமல் இந்த ஆட்டத்துக்காகத் தவித்தவர், உள்ளே வந்ததும் என்ன ஆச்சு என்று கேட்கவே இல்லை.

"போடட்டுமா?"

"போடு. நானும் இன்னும் பாக்கலயே" என்றார், யாரும் கேட்காமலே.

விட்டாள். இமை மேலே போனது, வாய் மூடியது, கூச்சல் திரும்ப வந்து வீட்டை நிறைத்தது. தலைவி இன்னும் ஒரு அடி முன்னால் வந்தாள். பிலோமினா பின்னால் நகரவில்லை. கை பாக்கெட்டிலேயே இருந்தது. அப்போது செசிலியம்மாள் கண்ணுக்கு ஓரத்தில் ஏதோ அசைந்தது. இன்னாசியின் இடது கை தொடையிலிருந்து எழுந்து, தோளுக்கு மேல், நேராக நின்றது. வலது கை பச்சைக் கொடிக்கு, இடது கை சிவப்புக்கு, அது அவருடைய பழக்கம், தூக்கத்தில்கூட மாற்ற மாட்டார். டிவியில் இன்னும் ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் பாக்கெட்டிலிருந்து மகள் கை வெளியே வந்தது, தலைக்கு மேல் உயர்ந்தது, மூலை மடிந்த சிவப்பு.

கூட்டம் கத்தியது, ஊளையிட்டது. பிலோமினா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, வெளியே போகிற வழியை மட்டும் இன்னொரு கையால் காட்டினாள். தலைவி நின்றாள், பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டு போனாள். பிலோமினா விசில் ஊதினாள்.

"பதில் எழுதிக்கலாம்" என்றார் இன்னாசி. "எழுதச் சொன்னா எழுதிக்கலாம். அதுக்கென்ன?"

எங்கோ டீக்கடை டிவிக்கு முன்னால், தெரியாத நாலு பேருக்கு நடுவில், பொத்தான் போடாத சட்டையோடு நின்று பார்த்திருக்கிறார். அவர்கள் மகளைத் திட்டியிருப்பார்கள். அது என் பெண் என்று சொல்லியிருப்பாரா, சொல்லியிருக்க மாட்டாரா? செசிலியம்மாளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. நிறைந்துபோயிருந்தது மனசு. எழுந்த கையை இறக்க அவர் மறந்துபோயிருந்தார், அவள்தான் மெல்லப் பிடித்து இறக்கி மடியில் வைத்தாள்.

"கொஞ்சம் பின்னால போய் இன்னொரு தடவ பாக்கலாமா?"

"அதெல்லாம் முடியுமா?"

"முடியும். சிவப்ப அழுத்தி வெச்சிருக்கேன்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். செசிலியம்மாள் பின்னால் ஓட்டினாள். தலைவி பின்பக்கமாகவே நடந்து திரும்ப வந்தாள், சிவப்பு இறங்கிப் பாக்கெட்டுக்குள் போனது, விழுந்த பெண் எழுந்து நின்றாள். மறுபடி விட்டாள். இந்தத் தடவை அப்பா கையும் மகள் கையும் சேர்ந்து எழுந்தன.